பஸ் ஊரும்போது ஜியோலைட் என்ன செய்யும்?

தாமிரம் ஏற்றிய எஸ்எஸ்இசட்-13 ஜியோலைட் அருமையான சரக்குதான். துளை 3.8 ஆங்ஸ்ட்ராம், சுடுநீராவியிலும் சட்டகம் லேசில் குலையாது. என் குறை, அதைச் சோதிக்கும் விதத்தில். பல கட்டுரைகளில் சுத்தமான அமோனியாவை விட்டு, சூட்டை நிதானமாக ஏற்றி, நைட்ரஜன் ஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல் போச்சு என்று வரைபடம் போடுகிறார்கள்.

ஆனா 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசல் பஸ்களில் பெரும்பாலும் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். அது அமோனியாவாக உடையவே சூடு வேணும். 180–200 டிகிரிக்குக் கீழே பொதுவாகத் தெளிப்பதே இல்லை, படிவு கட்டிக்கும். ஜியோலைட் பிடித்து வைத்த அமோனியா கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

ரமணாசிரமம் வாசலில், செங்கம் சாலையில் ஊர்ந்து போகிற பஸ்ஸின் புகை எத்தனை டிகிரி? கிரிவலம் போகிறவர்கள் அதை ஒட்டித்தான் நடக்கிறார்கள். வரைபடத்தின் இடது ஓரம் அவர்களுடையது. பல கட்டுரைகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.