கேள்வி கேட்கப் பழக்கலாம், சும்மா இருக்கப் பழக்க முடியுமா?

நம்ம ஊர் கோர்ட்டில் 'டெபசிஷன்' என்றால், சாட்சி கூண்டில் ஏறிச் சொன்னதைப் பதிவு செய்துவைத்த தாள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறு பொருள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஏதோ ஒரு வக்கீல் அலுவலகத்தின் மீட்டிங் ரூமில் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். சாட்சி சத்தியப்பிரமாணம் எடுத்திருப்பார். ஒரு சுருக்கெழுத்தர் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்வார், பெரும்பாலும் வீடியோவும் ஓடும். நீதிபதி மட்டும் இருக்க மாட்டார்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். நடுவர் இல்லாத மைதானம் அது. ஃபெடரல் சிவில் விதிகள் 1938-ல் வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. 1993-ல் ஒரு தரப்புக்கு 10 டெபசிஷன் என்றும், 2000-ல் ஒரு சாட்சிக்கு ஒரு நாள், 7 மணி நேரம் என்றும் வரம்பு வைத்தார்கள். அந்த 7 மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த ரூமில் இருக்கும் வக்கீல்கள் கையில்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டால், விசாரணை என்பதே அங்கே அரிதாகிவிட்டது. மார்க் கேலன்டர் 2004-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, ஃபெடரல் சிவில் வழக்குகளில் 1962-ல் 11.5 சதவீதம் விசாரணை வரை போனது. 2002-ல் அது 1.8 சதவீதம். மற்றதெல்லாம் சமரசத்திலோ விசாரணைக்கு முந்தைய தீர்ப்பிலோ முடிகிறது. அப்படியானால் ஒரு சாட்சி தன் வாழ்நாளில் அந்த வழக்கைப் பற்றிச் சத்தியம் செய்து பேசும் ஒரே இடம் பெரும்பாலும் அந்த மீட்டிங் ரூம்தான். அங்கே வக்கீல் சொதப்பினால் திருத்த இன்னொரு மேடை கிடையாது.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? சட்டக் கல்லூரி வகுப்பறையில் விரிவுரையாகக் கேட்டு நீச்சல் பழக முடியாது என்பதுதான் 1971-ல் தொடங்கிய 'நீட்டா' என்ற தேசிய வழக்காடல் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படை எண்ணம். செய்து கற்க வேண்டும். கற்பனையாக ஒரு வழக்குக் கோப்பு தயாரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் சாட்சிக்குத் துணை நிற்பார், ஒருவர் சாட்சியாக நடிப்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, அனுபவமுள்ள வக்கீல் விமர்சனம் சொல்வார். அந்த விமர்சனத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு, நான்கு படிகள்: எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்ற தலைப்பு; நீங்கள் சொன்ன சொற்களையே திருப்பிச் சொல்வது; எப்படிச் செய்திருக்கலாம் என்ற மருந்து; ஏன் என்ற காரணம். 'நல்லா பண்ணீங்க, கொஞ்சம் தன்னம்பிக்கை வேணும்' போன்ற பொத்தாம்பொதுப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. இன்று அமெரிக்கப் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகின்றன.

இந்த முறையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஏன் என்பதற்கு ஓர் உண்மை வழக்கு. சாமுவேல் பிரான்ஸ்டன் 'எல் சிட்' போன்ற பிரம்மாண்டப் படங்களை எடுத்த தயாரிப்பாளர். அவருடைய கம்பெனி திவாலானபோது, கடன்காரர் தரப்பு வக்கீல் சத்தியப்பிரமாணத்தின் பேரில் அவரை விசாரித்தார். ஸ்விஸ் பேங்கில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா என்று கேட்டார். கம்பெனிக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது என்றார். வக்கீல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பிரான்ஸ்டனுக்குச் சொந்தப் பெயரிலேயே முன்பு ஸ்விஸ் கணக்கு இருந்தது பிறகு தெரியவந்தது. பொய்ச்சாட்சி என்று தண்டித்தார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. அவர் சொன்னது சொல்லளவில் உண்மை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று கவனித்து மறுபடி கேட்டிருக்க வேண்டியது வக்கீலின் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையைப் படித்தால் எல்லோரும் 'அட, எனக்குத் தெரிந்திருக்குமே' என்போம். எழுத்தில் பார்க்கும்போது ஓட்டை பளிச்சென்று தெரியும். ஆனால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, நட்பாகச் சிரித்து, கேட்டதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சரளமாகச் சொல்லும்போது காது ஏமாந்துவிடும். அடுத்த கேள்வி என்ன என்று தாளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பதிலைக் கேட்பது என்பது ஓர் உடற்பழக்கம். அது பயிற்சியில்தான் வரும்.

முகாம்களில் சொல்லித்தரும் 'புனல்' முறையும் அப்படித்தான். மேலே அகலமாக ஆரம்பி: என்ன நடந்தது, யார் இருந்தார்கள், பிறகு என்ன. 'வேறு ஏதாவது?' என்று இனி ஒன்றுமில்லை என்கிற வரை கேள். பிறகு தொகுத்துச் சொல்: 'ஆக, அந்தக் கூட்டத்தில் பேசியது இந்த மூன்று விஷயம்தான், சரியா?' கடைசியில் வாயை மூடு, அதாவது புனலின் வாயை. விசாரணையில் சாட்சி நான்காவதாக ஒன்றைப் புதிதாகச் சொன்னால் இந்தத் தாள் காட்டிக்கொடுக்கும். கேட்க எளிது. 'வேறு ஏதாவது?' என்று ஐந்தாம் முறை கேட்க ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அந்த வெட்கத்தைப் போக்க விரிவுரையால் முடியாது.

இதுவரை பாராட்டு. இனி என் வாதம்: இதே முறை, சாட்சியின் பக்கம் உட்கார்ந்து காப்பதைக் கற்றுக்கொடுப்பதில் தடுமாறுகிறது. பயிற்றுநர்களின் திறமைக் குறைவல்ல காரணம். முறையின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

சாட்சிக்குத் துணை நிற்கும் வக்கீல் என்ன செய்யலாம்? விதி 30(சி)(2) சொல்வது கிட்டத்தட்ட இதுதான். ஆட்சேபணை சொல்லலாம், சுருக்கமாக, வாதாடாமல், சாட்சிக்குப் பதிலைக் கோடிகாட்டாமல். ஆட்சேபணை சொன்ன பிறகும் சாட்சி பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாதே என்று தடுக்க மூன்றே காரணங்கள்: வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் போன்ற சிறப்புரிமை, கோர்ட் ஏற்கெனவே போட்ட வரம்பு, அல்லது இந்தத் தொல்லையை நிறுத்தக் கோர்ட்டுக்கே போகப்போகிறோம் என்பது. அதே நேரம் விதி 32 இன்னொரு பக்கம் இழுக்கிறது. கேள்வியின் வடிவத்தில் குறை இருந்தால் அங்கேயே அப்போதே ஆட்சேபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த உரிமை போய்விடும். சம்பந்தமில்லாத கேள்வி என்பது போன்ற ஆட்சேபணைகள் பெரும்பாலும் பிறகும் உயிரோடு இருக்கும்.

ஆக, நல்ல காவல் என்பது பெரும்பாலும் சும்மா இருப்பது. எப்போது பேச வேண்டும் என்று தெரிந்து, மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காமல் இருப்பது.

இப்போது பயிற்சி அறையைக் கற்பனை செய்து பாருங்கள். பதினைந்து நிமிடம். துணை வக்கீல் வேடத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் வரவில்லை. விமர்சகர் என்ன சொல்வார்? அந்த நான்கு படி இலக்கணத்தில் இரண்டாவது படி, 'நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்' என்பது. சொல்லாததை எப்படித் திருப்பிச் சொல்வது? பயிற்சிக்குப் பணம் கட்டி வந்தவர், தன் முறை வரும்போது ஏதாவது செய்துகாட்டத்தான் ஆசைப்படுவார். விமர்சகருக்கும் பேச ஏதாவது வேண்டும். இருவர் ஆசையும் சேர்ந்து ஆட்சேபணையை வளர்க்கும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளக்கும் முறை, கண்ணுக்குத் தெரிவதைத்தான் உற்பத்தி செய்யும்.

இது சின்ன விஷயமல்ல. 2014-ல் அயோவாவில் ஒரு ஃபெடரல் வழக்கு. குழந்தைகளுக்கான பால் பவுடர் தொடர்பாக அபாட் கம்பெனி மீது போடப்பட்டது. பிரதிவாதி தரப்பு வக்கீல் டெபசிஷன்களில் திரும்பத் திரும்பக் காரணம் சொல்லாமல் 'வடிவம்' என்று ஆட்சேபித்தார், சாட்சிக்குக் கோடிகாட்டினார், குறுக்கிட்டார் என்று நீதிபதி மார்க் பென்னெட் கண்டார். 'தெரிந்தால் சொல்லுங்கள்' என்று வக்கீல் சொல்வதையும் அவர் கோடிகாட்டல் என்றே பார்த்தார். சொன்ன மாத்திரத்தில் சாட்சிக்குத் 'தெரியாமல்' போய்விடும் அல்லவா! தண்டனை விசித்திரமானது: இப்படிச் செய்யக் கூடாது, எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கும் பயிற்சி வீடியோ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இப்படி ஒரு தண்டனை வரலாம் என்று முன்கூட்டி அறிவிக்கவில்லை என்ற காரணத்தால் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இதில் வேடிக்கை, டெக்சாஸ் மாநில விதி நேர் எதிர். அங்கே 'ஆட்சேபணை, வடிவம்' என்கிற மாதிரி இரண்டு சொல் போதும். அதற்கு மேல் நீட்டுவதுதான் தவறு. அயோவா நீதிபதிக்கு வெறும் 'வடிவம்' என்பதே குற்றம். பென்சில்வேனியாவில் 1993-ல் நீதிபதி காத்ராப், டெபசிஷன் தொடங்கிவிட்டால் இடைவேளையில்கூட வக்கீலும் சாட்சியும் தனியாகப் பேசக் கூடாது, சிறப்புரிமை பற்றி முடிவெடுக்க மட்டும் பேசலாம் என்றார். பல கோர்ட்டுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. கற்பனை மாநிலத்தில் நடக்கும் கற்பனை வழக்கை வைத்துப் பழகினால் இந்த உள்ளூர் வேறுபாடு எப்படி உறைக்கும்?

அடுத்தது இன்னும் ஆழமான சிக்கல். காவலின் பாதி வேலை டெபசிஷனுக்கு முந்தின நாட்களில் முடிந்துவிடுகிறது. சாட்சியைத் தயார் செய்வது. கேள்வியை முழுதாகக் கேள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததை ஊகிக்காதே. இதெல்லாம் நியாயம். ஆனால் இதற்கும் 'இப்படிச் சொல்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. 1997-ல் டல்லாஸில் ஒரு வக்கீல் நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குச் சாட்சிகளுக்குக் கொடுத்த குறிப்பு வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. எந்தப் பொருளைப் பயன்படுத்தியதாக நினைவுகூர வேண்டும் என்பது வரை அதில் இருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு.

பயிற்சி அறையில் அந்தக் கோடு தட்டுப்படவே தட்டுப்படாது. ஏன் தெரியுமா? நடிக்கும் சாட்சிக்கு நினைவு என்று ஒன்று இல்லை. அவர் கையில் இருப்பது கோப்பு. கோப்பில் உள்ளதுதான் அவருடைய 'உண்மை'. உண்மையான சாட்சியின் நினைவோ ஈரக் களிமண். முப்பது வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் எந்த மூட்டையைத் தூக்கினார் என்பது அவருக்கே மங்கலாக இருக்கும். வக்கீலின் ஒரு சொல் அதில் விரல் பதித்துவிடும். சாட்சிக்கே அது தன் நினைவு இல்லை என்று தெரியாது. அந்த அச்சத்தை உணராமல் காவல் பழகுகிறவர், கோடு எங்கே என்று தெரியாமலேயே அதன் மேல் நடக்கப் பழகுகிறார்.

மறுபக்கம், அளவுக்கு மீறிய தயாரிப்பும் ஆபத்து. 1998-ல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் டேவிட் பாய்ஸ் பில் கேட்ஸை மூன்று நாள் கேள்வி கேட்டார். சாதாரணச் சொற்களுக்கெல்லாம் என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று கேட்ஸ் மல்லுக்கட்டினார். ஒவ்வொரு பதிலையும் தனித்தனியாகப் பார்த்தால் எதையும் விட்டுக்கொடுக்காத கெட்டிக்காரத்தனம்தான். வீடியோவைக் கோர்ட்டில் துண்டு துண்டாகப் போட்டபோது, உலகின் பெரிய மென்பொருள் கம்பெனியின் தலைவருக்குத் தன் கம்பெனி பற்றி எதுவும் தெரியாதது போன்ற தோற்றம்தான் மிஞ்சியது. பதினைந்து நிமிடப் பயிற்சியில் இந்தப் பாடம் கிடைக்காது. அங்கே மழுப்பல் வெற்றி போலவே தெரியும். அது தோல்வியாக மாற மூன்று நாள் வீடியோவும், பல மாதம் கழித்து அதைப் பார்க்கும் நீதிபதியும் வேண்டும்.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூன்று மாற்றங்கள் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். ஒன்று, காவல் பயிற்சியை நடிப்பை வைத்து மதிப்பிடாமல் எழுத்துப் பதிவை வைத்து மதிப்பிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்தத் தாளைக் கொடுத்து, நீங்கள் பேசிய ஒவ்வொரு இடத்திலும் பேசியதால் என்ன கிடைத்தது, பேசாத இடத்தில் என்ன இழந்தீர்கள் என்று எழுதச் சொல்லலாம். மௌனமும் அப்போது மதிப்பெண் பெறும். இரண்டு, சாட்சியாகச் சட்டம் படிக்காத ஒருவரை அழைத்து, கோப்பைக் கொடுக்காமல் அவர் நேரில் பார்த்த ஏதாவது ஒரு சம்பவத்தையே வழக்காக்கலாம். கண்டதைப் பற்றி இரண்டு நாள் தயாரிப்புக்கு முன்னும் பின்னும் அவர் சொன்னதைப் பதிவு செய்து ஒப்பிட்டால், எந்தச் சொல் சாட்சியுடையது, எந்தச் சொல் வக்கீலுடையது என்று கண்ணெதிரே தெரியும். மூன்று, எந்தக் கோர்ட், எந்த நீதிபதி என்று சொல்லி, அவருடைய உத்தரவைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும்.

இவற்றில் இரண்டாவதுதான் செலவு பிடிக்கும். செய்யாமல் விடப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நீதிபதி இல்லாத அந்த ரூமில் சாட்சியின் நினைவுக்குக் காவல் என்று இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு வக்கீலின் மனசாட்சி மட்டும்தான். அதற்குப் பயிற்சி கொடுக்காமல், ஆட்சேபணைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்புவது, வீட்டுக்காரரிடம் சாவியைக் காட்டாமல் பூட்டை மட்டும் விற்பது மாதிரி.