கொள்ளைநோய் ஆண்டில் ஒரு பாய்ஸ் கம்பெனி

கங்காதர நெல்லூர், சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து களைகட்டுவது கோடையில்தான். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கு அந்தப் பருவத்தின் தலையிலேயே விழுந்தது. மறு ஆண்டு இரண்டாம் அலையும் அதே மாதங்களில் வந்தது. அந்தக் காலத்தில் உலகெங்கும் மூத்த நாடக நடிகர்கள் கணினித் திரைக்குள் புகுந்தார்கள். அமெரிக்காவில் 70 வயது பில் இர்வின், ஜூம் சட்டகத்தையே விளையாட்டுக் களமாக்கி ‘இன்-ஜூம்’ என்ற சிறு நாடகம் செய்தார். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் கருவி மாறினால் நாடகம் புதிதாகிவிடுமா? முந்தைய கொள்ளைநோய் ஒன்றின்போது நம் மூத்த நடிகர் ஒருவர் செய்ததை எடைபோட்டால் விடை கிடைக்கும்.

1918 ஜூன் மாதம் பம்பாயில் இறங்கிய விஷக்காய்ச்சல், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு மதுரையில், சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனியாகத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அப்போது அவருக்கு 51 வயது. எமன், இரணியன், சனீசுவரன் என்று சபையை நடுங்கவைத்த வேடங்களைக் கழற்றிவிட்டு, வாத்தியாராகியிருந்தார்.

நோய்தான் சபாவைப் பிறப்பித்தது என்று முடிச்சுப் போடக் கூடாது. ஜெகந்நாத ஐயரின் பாய்ஸ் கம்பெனி அதற்கு முன்பே இருந்தது. ஆகவே காலத்தைக் காட்டிச் சலுகை மதிப்பெண் போடாமல், செய்த வேலையை மட்டும் பார்ப்போம்.

கதையில் புதுமை இல்லை. சிறுவன் டி.கே. சண்முகத்துக்காகச் சுவாமிகள் எழுதிய ‘அபிமன்யு சுந்தரி’யை எடுத்துக்கொள்வோம். ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் எழுதி முடித்தார் என்று சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் வியக்கிறார். வேகம் வியப்புக்குரியதுதான். கதையோ ஊரறிந்தது. சித்தூர் எல்லையில் தெலுங்கு பேசுவோர் சசிரேகை கல்யாணமாகவும், தமிழ் பேசுவோர் சுந்தரி கல்யாணமாகவும் அறிந்த அதே அபிமன்யுதான்.

முறையில் புதுமை உண்டு. அன்றைய பெரிய நடிகர்கள் மேடையில் நினைத்ததைப் பேசுவார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தர்க்கத்தில் இறங்கினால் கதை நடுத்தெருவில் நிற்கும். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்து, பையன்களுக்கு வரி வரியாகப் பாடம் சொன்னார். எழுதியதை எழுதியபடி நடிக்கும் ஒழுங்கு அப்படித்தான் வேரூன்றியது. ஆறு வயதில் அங்கே சேர்ந்த சண்முகம் பின்னாளில் சகோதரர்களுடன் தனிச் சபா கண்டார். அந்தச் சபாவிலிருந்து நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் வந்தார்.

இந்தக் கணக்கில் செலவுப் பக்கமும் இருக்கிறது. பையன்கள் பள்ளிக்கூடம் போகாமல் கம்பெனி வீட்டிலேயே வளர்ந்தார்கள். இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம். ஐந்து கட்டையில் பாடிய பையனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் ராஜபார்ட் கையைவிட்டுப் போகும். கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டியதுதான். பாய்ஸ் கம்பெனி என்பதால் பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை. கலையின் ஒழுங்குக்குக் குழந்தைகள் தந்த விலை இது. சுவாமிகளைப் போற்றும் விழா மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

கூட்டிக் கழித்தால் என் தீர்ப்பு இதுதான்: 1918-இல் சுவாமிகள் செய்தது புதிய நாடகம் அன்று, புதிய நடிகர்கள். திரை நாடகங்கள் அந்தந்த மாலையைக் காப்பாற்றின. அடுத்த தலைமுறைக்கு ஆள் சேர்க்கவில்லை. அந்த அளவுகோலில் சுவாமிகளின் வேலையே பெரிது. ஆனால் அவர் கையாண்ட கம்பெனி முறையை இன்று அப்படியே எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

எடுக்க வேண்டியது பாடம் சொல்லும் வழக்கத்தை. பாரதம் வைக்கும் கோயில் கமிட்டிகள் கூத்து வாத்தியாருக்குத் திருவிழா நாட்களுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாது. கூத்தில்லாத மாதங்களில், பள்ளி விட்ட மாலை நேரத்தில், ஆண் பெண் இரு பாலருக்கும் அவர் அடவும் பாட்டும் சொல்லித்தரச் சம்பளம் கொடுக்கட்டும். அடுத்த நோய் வந்து இரண்டு கோடை போனாலும், மூன்றாம் கோடையில் வேடம் கட்ட ஆள் இருக்கும்.