பூஜ்யமும் மௌனமும்

1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளிவந்த, நிரல்கள் வலையில் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சாக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, தரவைப் படிக்கும் அழைப்பு திருப்பித் தரும் பூஜ்யம். எதிர்முனை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டது, இனி எதுவும் வராது என்று அதற்குப் பொருள். அது பிழையே அல்ல. எதிர்முனைக் கணினி அணைந்து மறுபடி எழுந்திருந்தால் கதை வேறு: பழைய இணைப்பில் நாம் அனுப்பும் பாக்கெட்டுக்கு ‘ரீசெட்’ வந்து விழும், நிரலுக்கு மைனஸ் ஒன்றும் பிழை எண்ணும் கிடைக்கும்.

கேபிளை உருவிவிட்டால்? எந்தச் சேதியும் வராது. படிக்க மட்டும் காத்திருக்கும் நிரல் நாள்கணக்கில் காத்திருக்கும். அதற்குத்தான் ‘கீப்அலைவ்’. லினக்ஸில் அதை இயக்கினால், 7200 விநாடி அமைதிக்குப் பின் வெறும் பாக்கெட் ஒன்று போகும். பதில் வராவிட்டால் 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் 9. அரட்டைச் செயலிக்கு இந்த இரண்டு மணி நேரம் ரொம்ப அதிகம். நல்ல நிரலாளர்கள் தாங்களே அரை நிமிடத்துக்கு ஒரு ‘பிங்’ வைத்துவிடுவார்கள். ஆனாலும் இந்த இணைப்புகளை நடத்தும் நெறிமுறையான டிசிபியின் இந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். கேபிளை ஒரு நிமிடம் கழித்துச் செருகுங்கள். முகவரி மாறாதிருந்தால், போய்ச் சேராததை மறுபடி அனுப்பி, ஒரு பைட்கூடத் தொலையாமல் இணைப்பு தொடரும்.