மரித்தவரா, மரிக்கப்போகிறவரா? மூளைச்சாவு பற்றிய ஓர் ஆய்வும் நம் ஃபிக்ஹும்

மரணம் எப்போது நிகழ்ந்தது என்று தீர்மானிப்பது நெடுங்காலம் கடினமான காரியமாக இருக்கவில்லை. மூச்சு நின்று, நாடி ஓய்ந்து, உடல் குளிர்ந்ததும் மய்யித்தின் கண்களை மூடிவிட்டு ஜனாஸாவின் கடமைகளைத் தொடங்கினர். ஐயம் எழுந்தால், அடையாளங்கள் தெளிவாகும்வரை காத்திருக்குமாறு ஃபுகஹாக்கள் பணித்தனர். செயற்கைச் சுவாசக் கருவி வந்த பிறகே இந்தத் தெளிவு கலங்கியது. மூளை முற்றிலும் செயலிழந்த பின்னும் கருவியின் துணையால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது, உடல் சூடு மாறாதிருக்கிறது. 1968ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று இந்நிலையை மரணமாகக் கொள்ளலாம் என்றது. 1981இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டம், இரத்த ஓட்டமும் சுவாசமும் மீளாது நிற்பதையோ, முழு மூளையின் செயல்கள் மீளாது நிற்பதையோ மரணமென ஏற்றது.

சட்டம் சொன்னதை, நோயாளியின் கட்டிலருகே நிற்பவர்கள் ஏற்றார்களா? ஸ்டூவர்ட் யங்னரும் அவருடைய சகாக்களும் 1989இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் வினவியது. உறுப்பு தானப் பணியில் ஈடுபட வாய்ப்புள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் 195 பேரிடம் கேட்டதில், மரணத்தை முடிவுசெய்யும் சட்ட, மருத்துவ அளவுகோல்களைச் சரியாகச் சொன்னவர்கள் 68 பேர், அதாவது 35 சதவீதத்தினரே. 58 சதவீதத்தினர் மரணம் பற்றிய கருத்தொன்றை முரணின்றிக் கையாளவில்லை.

இவ்வாய்வின் பயன் பெரிது. அறியாமையை அது மறைக்காமல் காட்டியது. ஆயினும் அதன் முடிவை வாசிக்கும் பலர், இரண்டு வேறுபட்ட செய்திகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். அளவுகோலை அறியாதிருப்பது கல்வியின் குறை. அதைப் பயிற்சியால் நீக்கலாம். அளவுகோலை அறிந்தும் மனம் அமைதி கொள்ளாதிருப்பது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் அந்த உடலைத் துடைக்கிறார். புரட்டிப் படுக்க வைக்கிறார். பெயர் சொல்லிப் பேசுகிறார். இவர் இறந்துவிட்டார் என்று அவருக்கு அறிவிக்கப்படுகிறது. உறுப்பு தானம் முடிவானால், இதே உடலின் இரத்த அழுத்தமும் வெப்பமும் குறையாமல் காக்கவேண்டும் என்றும் பணிக்கப்படுகிறது. 'கருவியை அகற்றினால் இறந்துவிடுவார்' என்ற வாசகம் அவர் நாவில் வருவது இங்கிருந்துதான். அதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது நீதியாகாது.

ஏனெனில், நம் உலமாக்களின் சபைகளே இதில் ஒரு குரலில் பேசவில்லை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடியபோது, மூளையின் எல்லாச் செயல்களும் நின்று, அது மீளாது எனவும் மூளை சிதையத் தொடங்கிவிட்டது எனவும் நிபுணர்கள் கூறினால், அவர் மரணித்தவரே. மரணத்தின் சட்டங்கள் அனைத்தும் அப்போதே பொருந்தும் என்று தீர்மானித்தது. மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹு அகாடமி 1987இல் வேறு முடிவுக்கு வந்தது. மூன்று நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவியை அகற்றலாம். ஆனால் இதயமும் சுவாசமும் முழுமையாக நின்ற பின்னரே அவரை மய்யித்தாகக் கருதவேண்டும் என்றது. செவிலியரின் வாசகம் மக்காவின் தீர்மானத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதைக் காண்க!

நம் மத்ஹபின் நூல்களுக்கும் இந்த இருநிலை புதிதன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலை ஓதியவர்கள் 'ஹரகத்துல் மத்பூஹ்', அதாவது அறுக்கப்பட்ட பிராணியின் துடிப்பு, என்னும் சொல்லை அறிவர். ஒருவன் தாக்கியதால் பார்வையும் பேச்சும் சுய விருப்ப அசைவும் அற்று ஒருவர் அந்நிலையை அடைகிறார். பிறகு வேறொருவன் அவரைத் தாக்குகிறான். முதலாமவனே கொலையாளி, இரண்டாமவனுக்குத் தஃஸீர் மட்டுமே. ஆனால் நோயினால் உயிர் பிரியும் தறுவாயில் அதே நிலையை அடைந்தவரை ஒருவன் கொன்றால், அவன் மீது கிஸாஸ் கடமையாகிறது. உடலின் நிலை ஒன்று; சட்டம் இரண்டு. நோயாளி பிழைத்தெழவும் கூடும் என்பது உரையாசிரியர்கள் கூறும் காரணம். அறுதியான உறுதி எங்கே உண்டோ அங்கே ஒரு தீர்ப்பு. அது இல்லாத இடத்தில் வேறு தீர்ப்பு. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்னும் விதியும் இதற்குத் துணை நிற்கிறது.

இவை ஏட்டளவிலான நுணுக்கங்கள் என எண்ணிவிட வேண்டாம். ஒரு தந்தையின் மூளைச்சாவு திங்களன்று உறுதியாகிறது. செவ்வாயன்று அவருடைய மகன்களில் ஒருவர் இறக்கிறார். புதனன்று கருவி அகற்றப்பட்டுத் தந்தையின் இதயம் நிற்கிறது. அம்மான் தீர்மானப்படி தந்தை முந்தி இறந்தார், மகன் வாரிசானார், அவருடைய அநாதைப் பிள்ளைகளுக்கு அப்பங்கு வந்து சேரும். மக்கா தீர்மானப்படி மகனே முந்தி இறந்தார். தந்தையின் பிற மகன்கள் இருக்க, அப்பேரக்குழந்தைகளுக்குப் பாட்டனாரின் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. விதவையின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவையும் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஆகவே நம் விமரிசனம் இரு தரப்பாரையும் நோக்கியது. ஆய்வாளர்கள் முரணின்மையையே அறிவின் உரைகல்லாகக் கொண்டனர். தயக்கத்துக்கும் நியாயம் இருக்கக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை. நம் சபைகளின் தீர்மானங்களோ நிபுணரான மருத்துவரின் சொல்லையே ஆதாரமாகக் கொண்டன. இரவும் பகலும் அவ்வுடலைப் பேணுபவரின் சாட்சியத்துக்கு அவற்றில் இடமில்லை.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்றிருக்கிறது. மருத்துவர் நால்வர் குழு, ஆறு மணி நேரமேனும் இடைவெளிவிட்டு இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். ஆக, இச்சிக்கல் நம் ஊர் மருத்துவமனைகளிலும் உண்டு. செவிலியரின் அகநம்பிக்கை அவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. அதை யாரும் அதட்டி மாற்ற இயலாது. ஆனால் மருத்துவர் 'இறந்துவிட்டார்' என்று சொன்ன அதே கூடத்தில், செவிலியர் 'இன்னும் இருக்கிறார்' என்று சொன்னால், கலங்கி நிற்கும் குடும்பம் எதைப் பற்றும்? குடும்பத்தாரிடம் சொல்லும் சொல் ஒன்றாக இருக்கவேண்டும். அதற்கு முதற்படியாக, எந்தச் சட்டத்தை எந்தக் கணத்திலிருந்து தொடங்குவது என்பதை நம் பகுதி உலமாக்கள், மருத்துவரோடு செவிலியரையும் அமர்த்திக் கேட்டுத் தெளிவுபடுத்துவது கடமையாகிறது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.