காஞ்சி: ஒரு பெயரும் பல பொருளும்

பழந்தமிழ் நூல்களில் 'காஞ்சி' என்ற சொல்லைக் கண்டவுடன் காஞ்சிபுரத்தை நினைப்பது மாணவரிடையே மட்டுமன்றிக் கட்டுரையாளரிடையேயும் காணப்படும் வழக்கம். நகரின் தொன்மையை நிறுவ முயல்வோர் சிலர் இச்சொல் வரும் இடங்களை எல்லாம் சான்றாக அடுக்குகின்றனர். இது பிழையான முறை. இச்சொல் மரம், புறத்திணை, பண், இடையணி, ஆறு, நகர் ஆகிய பலவற்றுக்கும் பெயராக வழங்கியுள்ளது. எந்த இடத்தில் எப்பொருள் என்று பிரித்தறிந்த பின்னரே அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலும்.

இலக்கியத்தில் காஞ்சி

சங்க அகப்பாடல்களில் காஞ்சி பெரும்பாலும் மருத நிலத்தில் நீரோரம் வளரும் மரமாகும். இதனை ஆற்றுப்பூவரசு என்றும் கூறுவர். குறுந்தொகையின் 10ஆம் பாடலில் தலைவன் காஞ்சி மரங்களை உடைய ஊரினன் எனப்படுகிறான். அவனைக் காஞ்சி நகரத்தான் என்று கொண்டால் மருதத்திணைக்குரிய கருப்பொருளே மறைந்துவிடும்.

புறத்திணையில் இச்சொல்லுக்கு இரு மரபுகள் உள்ளன. தொல்காப்பியம் காஞ்சித் திணையை நிலையாமை உணர்த்துவதாகக் கொள்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை, படையெடுத்து வந்த பகைவனைக் காஞ்சிப் பூச்சூடி எதிர்த்து நின்று காப்பதைக் காஞ்சி என்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி முதல் மரபைச் சார்ந்தது. 782 அடிகள் கொண்ட இந்நூல் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துரைக்கிறது. மதுரை, காஞ்சி என்னும் இரு நகரங்களைப் பற்றிய நூல் அன்று. முதுமொழிக்காஞ்சி என்ற நூற்பெயரிலும் நகர் இல்லை.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் புண்பட்ட வீரனைக் காக்கும் மகளிர் காஞ்சி பாடுகின்றனர். இது பண். சுந்தரர் தேவாரத்தில் வரும் காஞ்சிவாய்ப் பேரூர் கொங்கு நாட்டுப் பேரூராகும். அங்குக் காஞ்சி என்பது இன்றைய நொய்யலாறு.

நகரைக் குறிக்கும் சான்றுகள்

இவற்றை நீக்கிய பின் எஞ்சுவனவே நகருக்குரிய சான்றுகள். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை அவனது நகரைக் கச்சி என்கிறது. மணிமேகலையில் கச்சி, காஞ்சி ஆகிய இரு வடிவங்களும் உள்ளன. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு, காஞ்சியின் அரசனாக விட்டுணுகோபனைக் குறிப்பிடுகிறது. தொடக்கப் பல்லவரின் பிராகிருதச் செப்பேடாகிய மயிதவோலுச் செப்பேட்டில் காஞ்சிபுரம் என்ற பெயர் வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கச்சிப்பேடு என்ற வழக்கைக் காணலாம். ஆங்கிலேயர் இதனைக் காஞ்சீவரம் என்றனர்.

பெயர்க் காரணங்கள்

முதலாவது புராண விளக்கம். 'க' என்பது பிரமனைக் குறிக்கும். 'அஞ்சிதம்' என்பது வழிபடப்பட்டது. எனவே பிரமன் வழிபட்ட தலம் காஞ்சி என்பர். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பின்னர் கதை சேர்க்கும் முறை இது. தலத்தின் சமய வரலாற்றுக்கு இது பயன்படும். பெயரின் தோற்றத்துக்குப் பயன்படாது.

இரண்டாவது, வடமொழியில் காஞ்சி என்பது மகளிர் இடையணி. நிலமகளின் இடையணி போன்ற நகர் என்பது பொருள். அழகிய உவமை என்பதில் ஐயமில்லை. ஆனால் புகழ்பெற்ற நகரின் பெயர் தம் மொழிச் சொல்லோடு ஒத்து ஒலிக்கும்போது புலவர் அதனைச் சிலேடையாக்குவது இயல்பு. சிலேடை பெயருக்குப் பின் வருவது. பெயரைப் பிறப்பிப்பது அன்று.

மூன்றாவது மரத்தால் வந்த பெயர் என்பது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் மரபு இதற்குத் துணை நிற்கிறது. ஆலங்காடு, கடம்பூர், பனையூர் முதலியவை மரத்தோடு நிலச்சொல் சேர்ந்தவை. பின்னொட்டு இல்லாமல் மரப்பெயரே ஊர்ப்பெயராவதற்குச் சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை தக்க எடுத்துக்காட்டு. மூன்று விளக்கங்களுள் இதுவே வலுவுடையது.

எனினும் இதற்கும் ஒரு தடை உண்டு. காஞ்சியே கச்சி என மருவிற்று என எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். மெல்லெழுத்து வல்லெழுத்தாவதற்குக் குரங்கு, குரக்குக்கால் போன்றவற்றைக் காட்டலாம். ஆனால் அம்மாற்றம் புணர்ச்சியில் நிகழ்வது. கச்சி தனித்தே வழங்குகிறது. நெடிலாகிய 'கா' குறுகியதற்கும் அவ்விதி இடந்தராது. மேலும், பெரும்பாணாற்றுப்படையே கச்சி என்பதால் அதனைப் பிற்காலச் சிதைவு என்று ஒதுக்கவும் முடியாது. மரப்பெயர்க் கொள்கையை ஏற்போர் கச்சி என்ற வடிவத்துக்கும் விளக்கம் தந்தாக வேண்டும்.

ஊர்ப்பெயர் ஆய்வில் பொருத்தமான பொருள் கிடைத்தவுடன் நின்றுவிடுதல் கூடாது. அப்பொருள் எந்நூலில், எக்காலத்தில், எவ்வடிவத்தில் வழங்கியது என்று கேட்டல் வேண்டும். காஞ்சி என்ற சொல் வரும் இடங்கள் பல. அவற்றுள் நகரைக் குறிப்பன சில. அச்சிலவே காஞ்சிபுரத்தின் தொன்மைக்குப் போதுமானவை. மதுரைக்காஞ்சியை அதற்குத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.