மதுரைக்காஞ்சியில் கடல்

பட்டினப்பாலையில் கடல் கண்முன் நிற்கும் காட்சி. பண்டங்கள் ஏறுவதும் இறங்குவதும், அவற்றின்மேல் புலி முத்திரை பொறிப்பதும் காவிரிப்பூம்பட்டினத்துக் கரையிலேயே நிகழ்கின்றன. மதுரையோ வையைக் கரையிலுள்ள உள்நாட்டு நகர். ஆயினும், 782 அடிகளால் இயன்ற மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அந்நகரின் நாளங்காடிக்குக் கடலையே உவமையாக்கினார். முகில் முகந்தும் குறையாமை, ஆறு புகுந்தும் மிகாமை என்னும் கடலின் ஈரியல்பும், வாங்குவோரால் குறையாமலும் கொணர்வோரால் மிகாமலும் நிற்கும் அங்காடி வளத்தோடு முறையே பொருந்துகின்றன. இது வெறும் புலனெறி மரபு எனலாமோ எனின், அமையாது. மரக்கலம் சேரும் துறையையும் கொற்கை முத்தையும் முன்னரே பாடியவர் அப்புலவர். ஆகலின் இவ்வுவமை துறைமுக வாழ்வை அறிந்த அறிவின் விளைவு என்பதே எம் துணிபு. பட்டினப்பாலையில் காட்சியான கடல், மதுரைக்காஞ்சியில் உள்நாட்டு நகரின் வளத்தை அளக்கும் அளவையாயிற்று.