ஒரே செடி, மூன்று பிறவி

எங்கள் வேளச்சேரி வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்து முடிப்பதற்குள் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். காபி ஆறினால் ஆறட்டும்! கோஸ்ட் பிளான்ட் என்கிற என் சதைப்பற்றுச் செடியைக் காலை எட்டு மணி வெயிலில் பார்க்காமல் ஒருவர் திரும்பிப் போனால் எனக்கு அன்று முழுக்க மனசு ஆறாது.

இத்தனைக்கும் அது காசு கொடுத்து வாங்கிய செடி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நர்சரியில் தொட்டியடியில் உதிர்ந்து கிடந்த மூன்று இலைகள். "எடுத்துக்கோம்மா, கூட்டித் தள்ளத்தானே போறோம்" என்றார் அங்கிருந்த பெரியவர். சின்ன வயதில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' இலையை நோட்டுக்குள் வைத்து, தினமும் திறந்து திறந்து பார்த்தவளுக்கு இது போதாதா? காய்ந்த மணல்மேல் மூன்றையும் சும்மா கிடத்தினேன். சில வாரத்தில் இளஞ்சிவப்பு நூலாக வேர், பக்கத்திலேயே கடுகளவில், ரோஜா வடிவில் ஒரு குட்டிச் செடி! மூன்றும் ஒரே தாயின் அச்சு அசல். கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்று சமையலறை ஜன்னலுக்குப் போனது, ஒன்று மாடிக்கு. மூன்றாவதைக் கோத்தகிரியில் இருக்கும் அக்கா எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்றும் மூன்று செடி.

ஜன்னல்காரி வெளுத்த பச்சை. இலைக்கும் இலைக்கும் நடுவே விரல் நுழையும். கழுத்தை நீட்டிக் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போதாதபோது செடி, இருக்கிற சக்தியை எல்லாம் தண்டுக்குக் கொடுத்து ஒளியைத் தேடி ஓடுகிறது. ஒருமுறை நீண்ட தண்டு பிறகு சுருங்கவே சுருங்காது. தலையைக் கிள்ளி மறுபடி வேர்விட வைப்பதுதான் வழி.

மாடிக்காரி குட்டை, கெட்டி. சாம்பல் நிறத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் குழைத்துத் தடவியது போல இருந்தாள். இலைமேல் நீற்றுப்பூசணியில் இருக்குமே, அதே வெண்பூச்சு! அது செடி தானே சுரக்கும் மெழுகு. கடும் வெயிலுக்குக் குடை, மழைநீர் தங்காமல் உருட்டிவிடும் ரெயின்கோட். ஆசையாக ஒருநாள் தடவிப் பார்த்தேன். அந்த விரல் ரேகை, இலை உதிரும்வரை போகவில்லை. அன்றோடு தொட்டுப் பார்ப்பதை விட்டேன்.

கோத்தகிரிக்காரியின் போட்டோ வந்தபோது நான் கத்தியே விட்டேன். "பெயின்ட் அடிச்சியாக்கா?" ரோஜாவும் ஊதாவும் கலந்த அப்படி ஒரு நிறம்! சுமார் 1,800 மீட்டர் உயரம், பளீரென்ற பகல் வெயில், ஸ்வெட்டர் தேடவைக்கும் இரவு. இந்த மூன்றும் சேர்ந்தால் செடி இலைக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. நாவல்பழத்தின் கருநீலமும் செம்பருத்தியின் சிவப்பும் இதே குடும்பம்தான். அதிக வெளிச்சத்தில் இலை வெந்துபோகாமல் காக்கும் திரை அது. நாம் அழகு என்று வாய்பிளப்பது, செடிக்குத் தற்காப்பு!

சரி, இரவுக் குளிருக்கு ஏன் இத்தனை மவுசு? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இந்த மாதிரிச் சதைப்பற்றுச் செடிகளோ தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கின்றன. சென்னையின் மே மாத இரவில் 28 டிகிரி புழுக்கம் என்றால் அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. செடி அப்படியே அசந்து கிடக்கிறது.

இந்த ரகசியத்துக்கு ஒரு பழைய துப்பு கிடைத்தது நம் 'குட்டிபோடும்' இலையில்தான். ஆமாம், ரணகள்ளி! கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் அதை மென்று பார்த்தார். காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பை, சாயங்காலம் லேசான கசப்பு. 1815-ல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. நானும் விடிகாலையில் ஒரு நகத்துண்டு கடித்துத் துப்பிப் பார்த்தேன். சத்தியமாகப் புளித்தது!

மண் விஷயத்தில் மட்டும் அழுதேன். முதல் ஐப்பசி மழையில், தேங்காய்நார்த் தூளில் நட்டிருந்த எக்கவெரியா என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடி, எட்டுத் தொட்டியும் கண்ணாடியாகிக் கூழாகிவிட்டன. நார்த்தூள் தண்ணீரை விடவே விடாது. காற்றில்லாமல் வேர் அழுகிவிட்டது. இப்போது ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பெருமணலும் சலித்த செங்கல் துண்டும், ஓட்டையுள்ள மண் தொட்டி, அடியிலை தொய்ந்தால்தான் தண்ணீர். சித்திரையில் நிழல்வலை. அவ்வளவுதான் வைத்தியம். எக்கவெரியாவுக்காக ஏங்குவதையும் விட்டாயிற்று. ஆப்பிரிக்க, அரபு வெயிலில் பிறந்த அடீனியம் நம் மாடியில் அடிபெருத்துப் பூத்துத் தள்ளுகிறதே!

போன தை மாதம் கோத்தகிரிக்காரியை ஊருக்கே கூட்டிவந்தேன். மார்ச் முடிவதற்குள் நடுவில் வந்த புதிய இலைகள் எல்லாம் சென்னைச் சாம்பல். கீழ்வரிசையில் மட்டும் பழைய ஊதா. பார்க்க வந்த அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி, கலரையே போக்கிட்டியே!"

"போகலைக்கா. கீழ பாரு, உன் ஊரு. மேல, என் ஊரு."

குனிந்து பார்த்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. கீழே காபி ஆறிக்கொண்டிருந்தது.